தர்மராஜும் சைவ மோதிரமும்

கோலார் தங்கவயலில் தங்கத்தைக் கண்டெடுத்தவர்கள் பல ஆயிரம் பேர். அதில் ஒரு குன்றிமணிகூட அவர்களில் யாருக்கும் சொந்தமானதில்லை. சுரங்கத்தை மூடிய பிறகும் இந்த உயர்ந்த மரபை விடாமல் காத்துவருகிறவர் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கும் தர்மராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தங்கம் கண்டெடுக்கிறார். உரியவரிடம் சேர்ப்பிக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து குளிக்கிறார். இவருடைய வரலாற்றை எழுதிவைக்காமல் விட்டால் வருங்காலச் சந்ததி நம்மைச் சும்மா விடாது என்பதால் இங்கே எழுதப்படுகிறது.

வாரநாட்களில் தர்மராஜ் வேறு மனிதர். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு பெரிய மாலின் வாசலில் சீருடையோடு நிற்பார். கையில் கரண்டி மாதிரி ஒரு கருவி இருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அதைக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படாமல் தடவ வேண்டும். பெல்ட் பக்கிளுக்கு அது கத்தும். சாவிக்குக் கத்தும். சில நாள் சும்மாவே கத்தும். கத்தினால் தர்மராஜ் "போங்க சார்" என்பார். கத்தாவிட்டாலும் "போங்க சார்" என்பார். கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவரை வேலைக்கு வைத்தவர்கள் சொல்லித்தரவில்லை. அவரும் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அவர்கள் சொல்லித்தந்த பாடம் ஒன்றே ஒன்று: வருகிறவர் பொருளைக் கையால் தொடாதே. இந்த ஒரு பாடத்தை அவர் எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பது பின்னால் தெரியவரும்.

தரையைத் தடவும் பெரிய டிடெக்டர் அவருக்கு மச்சான் வழியாக வந்த சீர். மச்சான் ரவிகுமார், அதாவது மனைவி சாரதாவின் தம்பி, ஒரு நாள் இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நூறு வருடம் தங்கம் எடுத்த ஊர். எடுத்தவர்கள் கையிலிருந்து கொஞ்சமாவது சிந்தியிருக்காதா? சிந்தியது எங்கே போகும்? நீண்ட கம்பு, அதன் முனையில் தோசைக்கல் போல ஒரு வட்டு, காதில் மாட்ட ஹெட்போன் எல்லாம் அடங்கிய பெட்டி ஆன்லைனில் வந்து இறங்கியது. பிறகு அவர் ஊர் முழுக்கத் தோண்டினார். ரயில் ஆணி கிடைத்தது. குதிரை லாடம் கிடைத்தது. ட்ரில் கம்பியின் உடைந்த மூக்குகள் கிடைத்தன. வெள்ளைக்கார துரைகள் தின்றுவிட்டுப் போட்ட மீன் டப்பாக்களும் கிடைத்தன. தங்கவயலின் மண்ணுக்குள் தங்கத்தைத் தவிர மற்ற எல்லா உலோகமும் இருப்பதை நிரூபித்த பெருமையோடு அவர் ஓய்வு பெற்றார். கருவி அக்கா வீட்டுப் பரணுக்குப் போனது.

அதைக் கீழே இறக்கிய புண்ணியம் ரெபேக்கா டீச்சருடையது. பள்ளி விளையாட்டு விழாவில் பந்தெறிவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டப்போய், பந்தோடு கல்யாண மோதிரத்தையும் சேர்த்து எறிந்துவிட்டார். தர்மராஜ் கம்பைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். கோல் கம்பத்துக்குப் பின்னால் கருவி மெல்லக் கூவியது. புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இதோ கீது. குனிஞ்சு நீங்களே எடுத்துக்கோங்க டீச்சர்."

"நீங்களே எடுத்துக் குடுத்தா இன்னா தர்மராஜ்? எனுக்கு முட்டி வலி."

"நாங்க தொடக்கூடாது டீச்சர். ரூல்ஸ்."

அது அவருடைய வழக்கமாகவே ஆகிவிட்டது. கண்டுபிடிப்பது வரைதான் தர்மராஜ். குனிந்து எடுப்பது தொலைத்தவர் பாடு. மோதிரத்தை மாற்றிவிட்டான், கல்லைக் கழற்றிவிட்டான் என்று நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது. கூலி வாங்க மாட்டார். சாப்பாடு போட்டால் மறுக்க மாட்டார்.

ஒரு முறை சயனைடு மேட்டுப் பக்கம் போலீஸ்காரர் ஒருவர் அவரை நிறுத்தினார். சயனைடு மேடு என்பது சுரங்கம் தங்கத்தைச் சலித்து எடுத்துக்கொண்டு துப்பிய மணல் மலை. இன்னும் அதில் கொஞ்சம் தங்கம் இருப்பதாக ஊரே நம்புகிறது. டிடெக்டரோடு ஒருவன் அங்கே திரிந்தால் போலீஸ் கேட்காமல் இருக்குமா?

"இன்னாய்யா, தங்கம் தேடுறியா?"

"ஆமாங்க சார்."

இவ்வளவு நேர்மையான பதிலை எதிர்பாராத போலீஸ்காரர் கொஞ்சம் தடுமாறினார். "யாரு தங்கம்?"

"போட்டோ புடிக்க வந்த ஒரு பொண்ணோடது சார். கம்மல்."

இத்தகைய புகழோடு தர்மராஜ் வாழ்ந்துவருகையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தங்கவயலுக்குக் கடல் கிடையாது, ஆறும் கிடையாது. குடிக்கத் தண்ணீர் தந்த பேத்தமங்களா ஏரி ஒன்றுதான் நமக்குச் சமுத்திரம். அந்த ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ராகி விளைந்த ஒரு நிலத்தை வாங்கி, கல் நட்டு, ‘வாட்டர்ஃப்ரன்ட் சிட்டி’ என்று பலகை வைத்திருந்தார் கன்னடக்காரரான நாகேஷ். நகரம் அப்போதைக்கு அந்தப் பலகை, வெள்ளையடித்த கற்கள், வாடிய சில தென்னங்கன்றுகள் ஆகியவற்றால் மட்டுமே ஆகியிருந்தது. பலகையில் வரைந்திருந்த படகு நிஜ ஏரியில் இல்லை. சைட் வாங்கக்கூடியவர்கள் என்று அவர் கணித்த தங்கவயல் பென்ஷன்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், களியும் கறிக்குழம்பும் போட்டு, ஏரிக்காற்றையும் சேர்த்துப் பரிமாறுவது அன்றைய திட்டம். பென்ஷன்காரர்களுக்கும் திட்டம் பிடித்திருந்தது. சைட் வாங்குவது தவிர மற்ற பகுதி முழுவதும்.

நாகேஷின் வலது கை விரலில் ஒரு மோதிரம் உண்டு. கனமான தங்கத்தில் மஞ்சள் புஷ்பராகம். கோலாரில் ஒரு ஜோதிடர் பார்த்துச் சொல்லிப் போட்டது. போட்ட நாளிலிருந்து தொழில் ஏறுமுகம் என்பது அவர் கட்சி. ஜோதிடர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கல்லில் மாமிசம் படக்கூடாது. ஆகவே நாகேஷ் அசைவம், மோதிரம் சைவம். கறி வந்தால் மோதிரம் கழன்று உட்காரும். சாப்பிட்டுக் கை கழுவியதும் விரலுக்குத் திரும்பும். அன்றும் அப்படியே இலைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தின் மேல் கழற்றி வைத்தார். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தார். கை கழுவப் போனவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே பலகைப் பக்கம் போய், ஏரி எந்த சைட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று விரலை நீட்டிக் காட்டும்போதுதான் விரல் மொட்டையாக இருந்ததைப் பார்த்தார்.

அதற்குள் இலைகளை எடுத்தாகிவிட்டது. ஜமக்காளத்தை உதறி மடித்தாகிவிட்டது. இரண்டையும் செய்தவள் மமதா. பேத்தமங்களாக்காரி. சமையல்காரர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வெங்காயம் உரித்து, இலை எடுத்து, அண்டா தேய்க்கிறவள்.

"யாரும் மமதாவ டவுட் பண்ணலை" என்று நாகேஷ் மூன்று முறை அறிவித்தார். மூன்றாவது முறை அறிவிக்கும்போது அவருடைய கை அவளுடைய பைக்குள் இருந்தது.

பைக்குள் இருந்தவை வெள்ளைக் கல் ஒன்றின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. டிபன் டப்பா. சீப்பு. தலைவலி மாத்திரை அட்டை. மாற்றுப் புடவை. ஒரு வெங்காயம்.

"இந்த வெங்காயம்?" என்றார் நாகேஷ்.

"எங்க வூட்டு வெங்காயம்" என்றாள் மமதா.

வெங்காயம் பற்றிய விசாரணை அத்துடன் கைவிடப்பட்டது. மோதிரம் பற்றியது கைவிடப்படவில்லை. வெயில் தாழ்வதற்குள் கிடைக்கவில்லை என்றால் ஸ்டேஷனில் சொல்வது என்று நாகேஷ் முடிவு செய்தார். சமையல்காரர் மமதாவின் முகத்தைப் பார்க்காமல், இனிமேல் அவளைக் கூப்பிடுவது கஷ்டம் என்று அண்டாவிடம் சொன்னார். பேத்தமங்களா சின்ன ஊர். மோதிரத்தில் கை வைத்தவள் என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் பிறகு எந்தக் கல்யாணச் சமையலுக்கும் அவளை உள்ளே விட மாட்டார்கள். மமதா அழவில்லை. பொருள்கள் பரப்பிய கல்லுக்குப் பக்கத்தில் போய், பையைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டாள்.

தர்மராஜுக்குப் போன் போட்டது ஆர்தர். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் ஃபோர்மனாக இருந்தவர். தர்மராஜின் அப்பாவை வேலை வாங்கியவர். அந்த உரிமையில் மகனையும் வேலை வாங்குகிறவர்.

தர்மராஜ் ஸ்கூட்டரை எடுத்தார். கருவியை வீணை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார் சாரதா.

"நீ இன்னாத்துக்கு?"

"போன தடவ சாப்பாடு போடுறேன்னு சொல்லிட்டு முறுக்கு குடுத்து அனுப்பினாங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

போய்ச் சேர்ந்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட சாரதா, கல்லின் மேல் கிடந்த சீப்பையும் புடவையையும் பார்த்தார். பிறகு மமதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரர் யாருடைய பொருளையும் தொட மாட்டார் என்று மெல்லச் சொன்னார். புத்த விகாரத்துக்குப் போகிற குடும்பம். ராசிக்கல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "கறி ஆவாத மோதரத்த கறி துன்னுற கையில இன்னாத்துக்குப் போடணும்" என்று மட்டும் காற்றைப் பார்த்துக் கேட்டார். நாகேஷ் காதில் விழாத மாதிரி ஏரியைப் பார்த்தார்.

தர்மராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜமக்காளம் கிடந்த இடத்தில் வட்டை ஆட்டினார். முதலில் சோடா மூடி. அடுத்து கல் நட்டபோது சிந்திய ஆணி. மறுபடி சோடா மூடி. பென்ஷன்காரர்கள் சுற்றி நின்று ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, சுத்தமாகத் துடைத்து, திரும்பப் போட்டார்கள். திடீரென்று கருவி ஓங்கிக் கத்தியது. ஹெட்போனைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. இடது பக்கம் நகர்த்தினாலும் கத்தல், வலது பக்கம் நகர்த்தினாலும் கத்தல்.

"அடியில கீது" என்றார் ஆர்தர். "பெரிய சிக்னலு. தோண்டுங்கடா."

தங்கவயல்காரர்களின் குணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தங்கம் என்றால் கீழே இருப்பது. மேலே இருப்பது மண். மேலே இருக்கும் மண்ணை அள்ளித் தூரப் போட்டுவிட்டுக் கீழே போக வேண்டும். போதவில்லையா, இன்னும் கீழே போக வேண்டும். மூன்று தலைமுறை இதைச் செய்தே பென்ஷன் வாங்கியது. மத்தியானம் ஜமக்காளத்திலிருந்து விழுந்த மோதிரத்துக்கும் இந்த விதி பொருந்துமா என்று அங்கே நின்ற ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தர்மராஜுக்கும் தோன்றவில்லை என்பதை வரலாறு மறைக்க விரும்பவில்லை. அவர்தான் முதல் கடப்பாரை போட்டார்.

தென்னங்கன்று நட வைத்திருந்த மண்வெட்டிகள் வந்தன. ஏரியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கிழவர்கள் சட்டையைக் கழற்றி வேட்டியை மடித்துக் கட்டினார்கள். முழங்கால் வலி, சர்க்கரை, மூச்சிரைப்பு எல்லாம் கரையேறிவிட்டன. ஆர்தர் ஆட்களைப் பிரித்தார். "நீங்க ரெண்டு பேரு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. நீங்க செகண்டு. பக்கம் சரியாம பாத்துக்கோங்க, ஓரத்துல பலகை குடுங்க." அந்தப் பலகைக்கு வாட்டர்ஃப்ரன்ட் சிட்டியின் ஒரு சிறிய பெயர்ப்பலகை பயன்பட்டது.

"இந்த மண்ண யாரு வாருறது?" என்று யாரோ கேட்டார்கள்.

யாரும் சந்தேகப்படாத மமதாவைச் சும்மா உட்கார வைப்பானேன் என்று இரும்புச் சட்டியை அவளிடம் கொடுத்தார்கள். அவளும் எழுந்துபோய், வெட்டிய மண்ணைச் சட்டி சட்டியாகத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ச் சற்று தள்ளிக் கொட்டினாள். ஒரு மேடு எழும்பியது.

"ஆர்தர் அங்கிள்" என்று சாரதா கூப்பிட்டார். "மத்தியானம் வுழுந்த மோதரம் அதுக்குள்ளயா இடுப்பளவு எறங்கியிருக்கும்?"

"நீ சும்மா இரும்மா. உனுக்கு மைனிங் தெரியாது."

"மோதரத்துக்கும் தெரியாதே."

"சிக்னலு பொய் சொல்லாது சாரதா" என்றார் தர்மராஜ் குழிக்குள்ளிருந்து. அவர் பேச்சில் அப்பாவின் குரல் வந்திருந்தது.

இடுப்பளவு போனதும் கடப்பாரை ‘ணங்’ என்றது. மண்ணைத் துடைத்துப் பார்த்தால் யானைக்கால் தடிமனில் ஒரு இரும்புக் குழாய், குழியின் இந்தப் பக்கத்தில் நுழைந்து அந்தப் பக்கத்தில் போனது. எந்தக் காலத்துக் குழாய், இப்போதும் தண்ணீர் ஓடுகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்தர் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"இன்னா அங்கிள், ஓடுதா?"

"எனுக்கு அந்தக் காது கேக்காதுடா."

ஒரு பென்ஷன்காரர் குழியைப் பார்த்தார். வெள்ளைக் கற்களின் வரிசையைப் பார்த்தார். குழாய் போகும் திசையைப் பார்த்தார். "இது நேரா எல்லா சைட்டுக்கும் அடியில போவுதே நாகேஷ் சார்" என்றார்.

நாகேஷ் சாதாரண ஆளில்லை. "நோடி, பாருங்க, அதான் நம்ம லேஅவுட்டோட ஸ்பெஷல். தண்ணி கனெக்‌ஷன் வீட்டுக்கு அடியிலயே ரெடி" என்றார். பென்ஷன்காரர்கள் ஒவ்வொருவராகச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மோதிரம் போய் ஒரு பொழுதுகூட ஆகவில்லை, அதற்குள் தொழில் இறங்குமுகம். போனை எடுத்தார்.

"ஆய்த்து, முடிஞ்சுது. இனி ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

மமதா கடைசிச் சட்டி மண்ணைக் கொட்டிவிட்டு மேட்டின் மேல் நின்றிருந்தாள். சட்டி கையிலேயே இருந்தது.

நாகேஷுக்கு ஒரு யோசனை வந்தது. "தர்மராஜ் அவ்ரே, நீங்க மால்ல செக்யூரிட்டிதானே? டெய்லி எவ்ளோ பேர செக் பண்றீங்க. இவளையும் ஒரு தடவை செக் பண்ணுங்க. இல்லேன்னா இல்லே. நான் ஒண்ணும் தப்பா சொல்லலை."

"மாலு வேற சார்" என்றார் தர்மராஜ். "அங்க செக் பண்ணா உள்ள போயிடுவாங்க. இங்க செக் பண்ணா இவங்க எங்க போவாங்க?"

"போலீஸ் வந்து செக் பண்ணா பரவாயில்லையா?"

"நீங்க பாருங்கண்ணா" என்றாள் மமதா. எல்லோரும் திரும்பினார்கள். சட்டியைத் தூரப் போட்டுவிட்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றாள். "இவங்க பாத்தா பையத் தொறந்த மாதிரி தொறப்பாங்க. நீங்க படாம பாப்பீங்க. அக்கா சொன்னாங்க."

தர்மராஜ் சாரதாவைப் பார்த்தார். சாரதா எழுந்து வந்து மமதாவுக்குப் பக்கத்தில், மேட்டுக்குக் கீழே நின்றார். "பாருங்க" என்றார்.

ஹெட்போன் வயரைத் தர்மராஜ் பிடுங்கினார். என்ன கேட்டாலும் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. வட்டை நிமிர்த்தி, அவளுடைய தலைக்கு நேரே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து இறக்கினார். கழுத்துப் பக்கம் கருவி கத்தியது.

"தாலி" என்றார் சாரதா.

தோளில் மறுபடி கத்தியது. "ஊக்கு."

கண்ணாடி வளையலுக்கு அது வாய் திறக்கவில்லை. இடுப்பில் சத்தமில்லை. முழங்காலில் சத்தமில்லை. பாதத்துக்கு வந்ததும் கூவியது.

"மெட்டி" என்ற மமதா தானே குனிந்து, இரண்டு கால் மெட்டிகளையும் கழற்றிச் சாரதாவின் கையில் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

தர்மராஜ் வட்டை மறுபடி பாதத்துக்குக் கொண்டுபோனார்.

கருவி கூவியது. குழாய்க்குக் கத்திய கத்தல் இல்லை இது. சின்னதாக, சுத்தமாக, ரெபேக்கா டீச்சரின் மோதிரத்துக்குக் கூவிய அதே குரல்.

சமையல்காரர் கையிலிருந்த கரண்டி அண்டாவில் விழுந்தது. நாகேஷ் போனில் ஸ்டேஷன் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மமதா தன்னுடைய காலையே வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

தர்மராஜுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாதபோது அவருடைய வாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான். மால் வாசலில் இத்தனை காலம் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போங்கம்மா" என்றார்.

ஏன் என்று கேட்காமல் மமதா மேட்டிலிருந்து இறங்கிப் போனாள். தர்மராஜ் வட்டை நகர்த்த மறந்து அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கருவி கூவிக்கொண்டே இருந்தது.

மமதா போய்விட்டாள். கால் போய்விட்டது. கூவல் மட்டும் மண்மேட்டில் நின்றது. முதலில் புரிந்தது சாரதாவுக்குத்தான். "இன்னாங்க, மண்ணு. மண்ணுல பாருங்க" என்றார். தர்மராஜ் முட்டி போட்டு வட்டைக் கொஞ்சம் தள்ளினார், கூவல் குறைந்தது. திரும்பக் கொண்டுவந்தார், கூடியது. இரண்டு விரலால் மேல்மண்ணை விலக்கினார். மஞ்சளாக ஏதோ வெயிலைத் திருப்பிக் கொடுத்தது.

அவர் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதோ கீது சார். குனிஞ்சு நீங்களே எடுத்துக்கோங்க."

"நீங்களே எடுத்துக் கொடுங்க, பரவாயில்லை."

"நாங்க தொடக்கூடாது சார். ரூல்ஸ்."

நாகேஷ் வந்தார். மமதா மேட்டின் அடியில், வெறும் கால்களோடு நின்றிருந்தாள். அவளுக்கு நேர் முன்னால் அவர் ஒரு முட்டியை மடக்கினார். வயிறு இடித்ததால் இன்னொரு முட்டியையும் மடக்கினார். தலை மண்வரை தாழ்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அது வேறு ஏதோ சடங்கு என்று நினைத்திருக்கக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. வாட்டர்ஃப்ரன்ட் சிட்டியின் அதிபர் மோதிரம் எடுத்தார், அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவாக எடுத்தார்.

நடந்தது இதுதான். ஜமக்காளத்தை உதறியபோது மோதிரம் புல்லுக்குள் விழுந்திருக்கிறது. அடியில் கிடந்த குழாயின் கத்தலில் அதன் சின்னக் குரல் அமுங்கிவிட்டது. நிபுணர்கள் முதல் வெட்டிலேயே அதை மண்ணோடு வாரிக் குழி ஓரத்தில் குவித்துவிட்டுக் கீழே தேடப் போயிருக்கிறார்கள். அந்தக் குவியலின் அடிமண்ணோடு மமதா அதைக் கடைசிச் சட்டியில் தலைமேல் சுமந்துகொண்டு போய்க் கொட்டியிருக்கிறாள்.

"நான்தான் சொன்னேனே" என்றார் ஆர்தர். "கொட்டுன மண்ணுலதான் தங்கம் கீதுன்னு."

"எப்ப சொன்னீங்க?" என்றார் சாரதா.

"இருவது வருசமா சொல்லிகினு கீறேன். சயனைடு மேட்டப் பத்தி."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை, நெஞ்சில் கட்டியிருந்தது அவிழ்ந்த சிரிப்பு. தர்மராஜ் கருவியை அணைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார். சாரதா மெட்டிகளை மமதாவிடம் கொடுத்தார். அவள் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது மெட்டி நுழைய நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சமையல்காரர் தொண்டையைச் செருமினார். "மமதா, வியாழக்கிழமை ஒரு கல்யாணம் கீது. வந்துடு." இம்முறை அண்டாவிடம் சொல்லவில்லை, அவளிடமே சொன்னார்.

"வரேன். பையும் எடுத்துகினு வரேன்" என்றாள் மமதா.

நாகேஷ் மோதிரத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் மொதல்லயே சொன்னேன், யாரும் உன்னை டவுட் பண்ணலைன்னு" என்று ஆரம்பித்தார்.

"ஆமா சார். மூணு தடவ சொன்னீங்க" என்றாள் மமதா. அந்த வெள்ளைக் கல்லைக் காட்டினாள். "தொறந்து பாத்தீங்களே, அத மூடிக் குடுத்துடுங்க."

நாகேஷ் சுற்றிலும் பார்த்தார். தன் ஆளைக் கூப்பிட வாயெடுத்தார். ஆர்தரும் மற்றக் கிழவர்களும் சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். சைட் வாங்கக்கூடியவர்களாயிற்றே. அவர் கல்லுக்குப் பக்கத்தில் போனார். புடவையை மடிக்கத் தெரியாமல் மடித்து உள்ளே வைத்தார். டிபன் டப்பாவை வைத்தார். மாத்திரை அட்டை. சீப்பு. கடைசியாக வெங்காயத்தை எடுத்து ஒரு கணம் தயங்கி, மண்ணை ஊதிவிட்டு, அதையும் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

மமதா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். கொஞ்ச நேரம். சாரதா அவள் முதுகில் கை வைத்திருந்தார்.

குழியை மூடியது மூன்றாவது ஷிஃப்ட். தேடியவர்களுக்கும் தோண்டியவர்களுக்கும் பசித்துவிட்டதால் சமையல்காரர் மிச்சக் குழம்பைச் சூடாக்கி மறுபடி இலை போட்டார். தர்மராஜுக்குப் பெரிய களி உருண்டையாக விழுகிறதா என்று சாரதா கூடவே நின்று பார்த்தார். விழுந்தது. நாகேஷும் உட்கார்ந்தார். குழம்பு வந்தது. பழக்கத்தில் அவருடைய இடது கை வலது கை மோதிரத்துக்குப் போனது.

இலை வரிசையில் எல்லாக் கைகளும் அப்படியே நின்றன. தர்மராஜ் வாயருகே கொண்டுபோன களியைக் கீழே வைத்தார்.

நாகேஷ் மோதிரத்திலிருந்து கையை எடுத்தார். "எனக்குத் தயிர் சாதம் போதும்" என்றார்.

பொழுது சாயும்போது எல்லோரும் கிளம்பினார்கள். சைட் வாங்குவது பற்றி யோசித்துச் சொல்வதாக ஆர்தர் வாக்களித்தார். அவருடைய காது சரியானதும் வந்து குழாயில் கேட்டுவிட்டுச் சொல்வாராம். சாரதா கருவியைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டார். ஸ்கூட்டரை உதைப்பதற்கு முன் தர்மராஜ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்த மமதாவைக் கூப்பிட்டார்.

"பைல எல்லாம் சரியா கீதாம்மா? ஏதாவது கொறையுதா?"

மமதா நின்று, ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள்.

"எல்லாம் கீதுண்ணா. வெங்காயத்த மட்டும் புடவைக்குள்ள வச்சிட்டாரு."

"போங்கம்மா" என்றார் தர்மராஜ்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.